மலைப்பாதையில் அணையாத மஞ்சள் விளக்கு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும் வண்டி, ஒரே பகலில் இருவேறு காற்று நிலைகளைக் கடந்து செல்கிறது. பாலக்காட்டு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. மறையூரின் வெல்லமும் காந்தளூர், வட்டவடை ஆகிய ஊர்களின் காய்கறிகளும் இம்மலைகளிலிருந்து சிறு சரக்கு வண்டிகளிலேயே கீழிறங்குகின்றன. பிக்கப் என்று யாவராலும் வழங்கப்பெறும் இவ்வண்டிகளுள் பல, இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரிடம் உழைப்பவை. களப்பணியாளர்கள் விதையும் உரமும் மருந்தும் கொண்டு செல்வதற்கும் இவையே பயன்படுகின்றன.

இத்தகைய பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் தொல்லை ஒன்று உண்டு. ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் 'செக் என்ஜின்' எனப்படும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்குகிறது. பட்டறையில் அதனை அணைத்து அனுப்புகின்றனர். சில நாட்களில் அது மீண்டும் எரிகிறது. சிலர் அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். வேறு சிலர் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பணத்தை இழக்கின்றனர். இவ்விரு வழிகளும் தவறானவை. விளக்கு எதனைக் கூறுகிறது, எதனைக் கூறுவதில்லை என்பதை அறிந்தால், மூன்றாவதொரு வழி புலப்படும்.

விளக்கின் பொருள்

தற்கால எஞ்சினில் எரிபொருளின் அளவை நிர்ணயிப்பது ஒரு சிறு மின்னணுக் கணக்கீட்டுக் கருவியாகும். காற்றின் அளவு, அதன் அழுத்தம், நீரின் உஷ்ணநிலை, எரிபொருளின் அழுத்தம் முதலியவற்றை 'சென்சார்' என்னும் உணர்கருவிகள் இதற்கு இடையறாது அறிவிக்கின்றன. பெட்ரோல் வண்டிகளில் கழிவுவாயுவில் எஞ்சியுள்ள பிராணவாயுவின் அளவும் அறிவிக்கப்படுகிறது. வந்த செய்தி எதிர்பார்த்த எல்லையை மீறினால் கருவி ஒரு குறியீட்டைப் பதிவு செய்கிறது. பல பிழைகள் அடுத்த ஓட்டத்திலும் தென்பட்ட பின்னரே விளக்கு எரிகிறது.

வண்டியே தன் குறையை அறிவிக்கும் இம்முறை, புகையால் காற்று மாசுபடுவதைக் கட்டுப்படுத்தும் பொருட்டுத் தோன்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இதனைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகையான குறியீடுகளும் இணைப்பும் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிக்குட்பட்ட இலகு வண்டிகளில் 2010 ஏப்ரல் 1 முதல் இதன் முதற்கட்டமும், 2013 ஏப்ரல் 1 முதல் இரண்டாங் கட்டமும் புகுத்தப்பட்டன. பாரத் ஸ்டேஜ் 4 விதி நாடு முழுமைக்கும் பரவியது 2017 ஏப்ரல் 1இல் ஆகும். ஆகவே, அதற்கு முற்பட்ட வண்டியில் விளக்கு இருப்பினும், அதன் குறியீடுகள் தயாரிப்பாளரின் தனி முறையைச் சார்ந்திருக்கக்கூடும்.

குறியீடு தீர்ப்பன்று

ஓட்டுநர் இருக்கைக்கு அருகே, பலகையின் அடியில் பதினாறு முனைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். 'ஸ்கேனர்' என்னும் கருவியை அதில் பொருத்தினால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடு தோன்றும். 'பி' என்னும் எழுத்து எஞ்சினையும் அதன் வலுவைக் கடத்தும் பகுதியையும் குறிக்கும். அடுத்த இலக்கம் 0 ஆயின் அது பொதுக் குறியீடு. 1 ஆயின் பெரும்பாலும் தயாரிப்பாளருக்கே உரியது. அதற்கடுத்த இலக்கம் 1 அல்லது 2 ஆயின் காற்று, எரிபொருள் ஆகியவற்றின் அளவையும், 3 ஆயின் எரிதலில் நேரும் தவறுகளையும், 4 ஆயின் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளையும் சுட்டும்.

எந்த அளவு எல்லை மீறியது என்பதையே குறியீடு கூறுகிறது; எந்த உறுப்பு கெட்டது என்பதை அது கூறுவதில்லை. காய்ச்சல்மானி 102 டிகிரி காட்டினால் காய்ச்சல் உண்டென்பது உறுதி. அதன் காரணம் மலேரியாவா, சளியா என்பதை மருத்துவரே ஆராய்ந்து காணல் வேண்டும். காய்ச்சல்மானியை மாற்றுவதால் நோய் தீராது. குறியீட்டில் பெயர் வந்த காரணத்தாலேயே ஓர் உணர்கருவியை மாற்றுவதும் இத்தகையதே.

ஓர் எடுத்துக்காட்டு

பழைய டீசல் பிக்கப் ஒன்று சுமையுடன் மறையூரிலிருந்து மூணாறுக்கு ஏறுகையில் வலுக் குன்றி, கரும்புகை கக்கி, விளக்கு எரிகிறது எனக் கொள்வோம். குறியீடு பி 0299. அதாவது, காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ வேண்டிய அழுத்தத்தைத் தரவில்லை என்பது பொருள். குறியீட்டை அழித்தபின் சமவெளியில் சில நாட்கள் விளக்கு எரியவில்லை. அடுத்த ஏற்றத்தில் மீண்டும் எரிகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்ற ஆலோசனை இந்நிலையில்தான் எழுகிறது.

விளக்கு மலையில் மட்டும் எரிவதே ஒரு தடயமாகும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அக்குறையை ஈடு செய்ய டர்போ மிகுதியாக உழைக்கிறது. சுமையும் ஏற்றமும் அவ்வுழைப்பை மேலும் பெருக்குகின்றன. சமவெளியில் தெரியாத சிறு கசிவு அப்போது வெளிப்படுகிறது. ஆதலால் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் முறையில் ஆராய்தல் நன்று.

முதலில் காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் 'இன்டர்கூலர்' வழியாக எஞ்சினை அடையும் ரப்பர்க் குழாய்களையும் அவற்றின் பட்டைகளையும் சோதிக்க வேண்டும். வெடிப்புள்ள இடத்தில் எண்ணெய்க் கசிவும், ஏற்றத்தில் சீறும் ஓசையும் காணப்படலாம். மூன்றாவதாக, டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வெற்றிடக் குழாய்களையும், கழிவுவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடி நின்றுவிட்டதா என்பதையும் காண வேண்டும். நான்காவது, அழுத்த உணர்கருவி. இவை யாவும் குற்றமற்றவை எனத் தெளிந்த பின்னரே டர்போவை ஐயுறுதல் முறையாகும். டர்போவின் விலையோடு ஒப்பிட ஒரு குழாய்ப்பட்டையின் விலை மிகச் சொற்பம்.

வண்டியே காற்றழுத்தமானி

அழுத்த உணர்கருவியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை இயக்காது, சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் உட்குழாயின் முழு அழுத்தத்தைப் படிக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது அக்குழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. ஆகவே பாலக்காட்டில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலும், மூணாற்றில் ஏறத்தாழ 85 கிலோபாஸ்கலும் காட்டவேண்டும். மூணாற்றிலும் 100 காட்டும் கருவி பொய் சொல்கிறது; இரண்டிடங்களிலும் சரியாகக் காட்டும் கருவியின் மீது உடனே பழி சுமத்துவதற்கில்லை. பள்ளியில் டாரிசெல்லியின் பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கப்பெறும் பாடத்தை, மலையடிவாரத்திலும் உச்சியிலும் நிறுத்திய ஒரு வண்டியைக் கொண்டே ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம்.

பருவமும் பாதையும்

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ளது. மார்கழி, தை மாதங்களில் அதன் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று புழுதியைக் கொணர்கிறது. அப்புழுதி வடிகட்டியை அடைப்பதோடு, வடிகட்டி சரியாகப் பொருந்தாவிடின் காற்றை அளக்கும் மெல்லிய கம்பியிலும் படிகிறது. இடுக்கியின் உயர்ந்த பகுதிகளிலோ நீண்ட மழையும் மூடுபனியும் மின் இணைப்புகளில் ஈரத்தைப் புகுத்திப் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. மழை நாட்களில் மட்டும் எரிந்து, வெயிலில் மறையும் விளக்குக்கு இத்தகைய இணைப்பே பெரும்பாலும் காரணமாகும். எனவே விளக்கு எரிந்த நாள், இடம், வானிலை, சுமை ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருதல் மிகவும் பயன் தரும். பிழை நேர்ந்த கணத்தின் வேகம், உஷ்ணநிலை முதலியவற்றைப் பல வண்டிகள் தாமே பதிவு செய்து வைத்திருக்கும். குறியீட்டை அழிப்பதற்கு முன் அப்பதிவை எழுதிக்கொள்ள வேண்டும். அழித்தால் அத்தடயமும் அழியும்.

பழுது நீங்கியபின் விளக்கு உடனே அணையாதிருப்பதைக் கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் பிழை தோன்றாவிடின் அது பெரும்பாலும் தானே அணையும்.

எச்சரிக்கை

எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். பெட்ரோல் வண்டியில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு ஒளிர்ந்தாலும் ஓட்டத்தைத் தொடர்தல் கூடாது. எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள வினையூக்கியைச் சிதைத்துவிடும். புதுவகை டீசல் எஞ்சின் இயங்குகையில் எரிபொருள் குழாயை ஒருபோதும் தளர்த்தலாகாது. அதிலுள்ள அழுத்தம் வாயு மண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கையும் மீறும். அத்தாரை தோலைத் துளைத்து உட்புகவல்லது.

பழைய வண்டியை வாங்குவோர் முதலில் சாவியைத் திருப்பி மஞ்சள் விளக்கு எரிகிறதா எனக் காண வேண்டும். எஞ்சினை இயக்குமுன் அது எரிந்து, இயங்கியபின் அணைவதே முறை. தொடக்கத்திலேயே எரியாத விளக்கு, குறையற்ற வண்டிக்கு அடையாளமன்று, விளக்கே துண்டிக்கப்பட்டிருக்கலாம். வண்டியின் சுயசோதனைகள் நிறைவுபெறவில்லை என்று ஸ்கேனர் காட்டினால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம் என ஐயுற வேண்டும். அவ்வண்டியைச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்து, சுமையுடன் ஓர் ஏற்றத்திலும் ஏற்றிய பின்னரே விலை பேசுதல் நலம்.

வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் நிற்கிறது. ஏற்றத்தின் நடுவே நின்றாலோ உயிருக்கே அபாயம். விளக்கை அணைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. அது எரிந்த காரணத்தை அளந்து அறிவதே பழுதுபார்த்தலாகும்.