ஒயின்ஷாப்பில் நடந்த எய்ட்ஸ் ஆராய்ச்சி! பசங்க சொன்னாத்தான் பசங்க கேக்கறாங்க

சென்னை, நவ. 30-

நாளை உலக எய்ட்ஸ் தினம். ஊர்வலம் உண்டு. கையில் அட்டை உண்டு. தலையில் தொப்பி உண்டு. கல்லூரி மாணவர்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி வாங்குவார்கள். மந்திரியோ கலெக்டரோ கொடி அசைப்பார். அதோடு சரி. மறுபடியும் அடுத்த வருஷம்தான்.

1988-ம் ஆண்டில் இருந்து டிசம்பர் 1-ந்தேதியை இப்படித்தான் கொண்டாடுகிறார்கள். ஊர்வலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் நடந்து போகிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உங்க பேட்டையில என்னா நடக்குது? உன் கூட்டாளிங்களுக்கு எப்படிச் சொன்னா மண்டையில ஏறும்?" என்று யாராவது கேட்டது உண்டா?

உண்டு. இதே சென்னையில்தான் கேட்டார்கள். கேட்ட இடம் ஒயின்ஷாப்!

அந்தக் கதைக்குப் போகும் முன்பு 1985-ம் ஆண்டின் கடைசிக்குப் போக வேண்டும்.

வீட்டு பிரிட்ஜில் ரத்தம்

அப்போது பம்பாயில் வந்தாலும் வரும், மெட்ராசுக்கு எய்ட்ஸ் வரவே வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டு இருந்தார்கள். அது வெள்ளைக்காரன் வியாதி, நம்ம ஊர் கட்டுப்பாடான ஊர் என்று பேச்சு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் படித்துக்கொண்டு இருந்த மாணவி செல்லப்பன் நிர்மலா. வயது 32. 2 சின்னக் குழந்தைகளுக்குத் தாய். "இங்கே அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடு" என்று பேராசிரியை வேலை கொடுத்தார். 200 பேரின் ரத்தம் வேண்டும்.

எங்கே போய்த் தேடுவது? பம்பாய் மாதிரி இங்கே சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியாகக் கிடையாது. ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த ஓரிரு பெண்களிடம் நிர்மலா பேசிப் பழகினார். அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். பலருடைய சீட்டில் முகவரியாக "வி. ஹோம்" என்று இருந்தது. விசாரித்தால், போலீஸ் பிடித்த பெண்களை அடைத்து வைக்கும் விஜிலென்ஸ் ஹோம்!

கையுறை கிடையாது. பாதுகாப்புக் கண்ணாடி கிடையாது. 3 மாதத்தில் 80 பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார். வைக்க வேறு இடம் இல்லாததால் தன் வீட்டு பிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் ஒரு நாள் கணவரும் அவரும் ரத்த மாதிரிகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு ராத்திரி ரெயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதனை. 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின.

அமெரிக்காவில் நடந்த மறுசோதனையிலும் அதே முடிவு. அந்த மே மாதம் செய்தி பிரதமர் ராஜீவ் காந்தி வரை போனது. தமிழக சட்டசபையில் சுகாதார மந்திரி டாக்டர் எச்.வி.ஹண்டே அறிவித்தார். ஊரே ஆடிப்போனது.

சொல்லாமல் எடுத்த ரத்தம்

நிர்மலாவின் துணிச்சல் பெரிய துணிச்சல். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அவர் அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவரே அதை மறைக்காமல் சொன்னார். படிக்காத, ஏழைப் பெண்கள். பால்வினை நோய்க்கான சோதனை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டு இருந்தார்கள்.

அன்றைக்கு அதுதான் வழக்கம். ஆராய்ச்சி செய்கிறவர் டாக்டர். ரத்தம் கொடுக்கிறவர் வெறும் நம்பர். பத்திரிகைகள் மட்டும் என்ன ஒழுங்கு? "அழகிகள் கைது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு போட்ட காலம்தானே அது!

நம்பராக இருந்தவர்களை ஆளாக மதித்துப் பேச ஆரம்பிக்க இன்னும் சில வருஷம் ஆனது.

புள்ளிராஜா

1993-ல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். 1994-ல் தமிழக அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல் மாநிலச் சங்கம்.

2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்க விளம்பரப் பலகைகள் முளைத்தன. மறக்க முடியுமா? யாருப்பா அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் அதே பேச்சு. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட வியாதியை ஊரே சத்தமாகப் பேசியது.

ஆனால் பலகை பேசும். நாம் கேட்டால் பதில் சொல்லாது. "ஒரே ஒரு தடவை போனா வருமா? ரெண்டு உறை மாட்டினா நல்லதா?" இதை எல்லாம் பையன் கூட்டாளியிடம்தான் கேட்பான். கூட்டாளிக்கே தப்பாகத் தெரிந்திருந்தால் தீர்ந்தது கதை. (2 உறை மாட்டினால் உரசிக் கிழியும். ஒன்றுதான் சரி.)

யார் பேச்சுக்கு மதிப்பு?

அந்தக் கூட்டாளியைப் பிடித்தால் என்ன என்ற யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே ஒரு சிறு நகரத்தில், ஆணை விரும்பும் ஆண்கள் கூடும் மது பாருக்கு ஜெப்ரி கெல்லி என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய கூட்டமும் போனார்கள். சரக்கு ஊற்றிக் கொடுக்கிறவரிடமே, "இங்கே யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்?" என்று விசாரித்துப் பட்டியல் போட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி. சட்டையில் டிராபிக் விளக்கு படம் போட்ட ஒரு பேட்ஜ். அது என்ன என்று யாராவது கேட்டால் பேச்சைத் தொடங்கிவிடலாம். பாதுகாப்பு இல்லாத உறவு சுமார் கால் பங்கு குறைந்ததாக 1991-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அதே முறையை அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் சீனா, இந்தியா, பெரு, ரஷியா, ஜிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் சோதித்தது. இந்தியாவில் தேர்வான ஊர் சென்னை. இடம், குடிசைப் பகுதி ஒயின்ஷாப்புகள். இங்கே வேலையைப் பார்த்தது ஒய்.ஆர்.ஜி. கேர்.

ஆரம்ப வேலைகள் நடந்தபோது ஒயின்ஷாப்புகள் தனியார் கையில் இருந்தன. 2003 நவம்பரில்தான் டாஸ்மாக் வந்தது. அந்தக் கடைகளுக்கு வந்து போகும் ஆண்களையும், வட்டாரத்துப் பெண்களையும் ஆய்வில் சேர்த்தார்கள். எடுத்ததும் ஊசியை நீட்டவில்லை. முதலில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். குடிக்கும்போது எதைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் சொன்னால் சிரிக்கிறார்கள், யார் சொன்னால் வாயை மூடுகிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஒரு இடத்தில் 100 பேர் புழங்கினால், அதில் பேச்சுக்கு மதிப்புள்ள 15 பேரையாவது சேர்க்க வேண்டும் என்பது கணக்கு. வாராவாரம் பயிற்சி. முக்கியமான பாடம் ஒன்றுதான். உபதேசம் கூடாது. தன் கதையாகச் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்கு, "நீ உறை போடணும்டா" என்றால் எவனும் கேட்க மாட்டான். "மச்சான், நானும் முன்னாடி கண்டுக்கல. இப்பல்லாம் பாக்கெட்ல உறை இல்லாம கௌம்பறது இல்ல. டெஸ்ட்டும் எடுத்துட்டேன். நீயும் ஒரு வாட்டி போய்ட்டு வாயேன்" என்றால் காதைக் கொடுப்பான். நம் பேட்டைப் பசங்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? புதுப் படம் எப்படி என்று ஒருத்தன் சொன்னால் அந்தத் தெருவே அதை நம்புகிறதே!

எதிர்பாராத முடிவு

5 நாடுகளிலும் சேர்த்து 18 ஆயிரம் பேருக்கு மேல். 2 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது.

கூட்டாளிகள் பேசிய இடங்களில் ஆபத்தான உறவு சுமார் 3-ல் ஒரு பங்கு குறைந்து இருந்தது. சந்தோஷம். ஆனால் கூட்டாளிகள் யாரும் இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியாக வைத்திருந்த இடங்களிலும் அதே அளவு குறைந்து இருந்தது!

அப்படியானால் கூட்டாளி முறை வீணா? வெளியில் அப்படியும் பேசலாம். ஆய்வை நடத்தியவர்கள் சொன்ன விளக்கம் வேறு. ஒப்பீட்டு இடங்களிலும் எல்லோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். சோதனை செய்தார்கள். ஆலோசனை சொன்னார்கள். நோய் இருந்தால் மருந்தும் கொடுத்தார்கள். அதுவே வேலை செய்திருக்கலாம்.

எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. யோசித்துப் பாருங்கள். சைக்கிள் கடைப் பையனிடம் ஒரு டாக்டர் உட்கார்ந்து, அதட்டாமல், சிரிக்காமல், அவனைப் பற்றி அவனிடமே கேட்பது எத்தனை தடவை நடக்கும்? ஒரு தடவை நடந்தாலே அவன் திரும்பிப் பார்ப்பான்.

காலேஜ் பக்கம்

இன்றைக்குக் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது. மாணவர்களிலேயே சிலரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்து, மற்ற மாணவர்களிடம் பேச விடுகிறார்கள். முறை அதே முறைதான். நன்றாக நடத்துகிற கல்லூரியில் பிரமாதமாக நடக்கிறது. மற்ற இடத்தில் கோலப் போட்டியோடு முடிகிறது.

கல்லூரி வாசலை மிதிக்காத பையன், பெண் கதை? மெக்கானிக் ஷெட், மீன் மார்க்கெட், துணிக்கடை, கட்டட வேலை என்று போனவர்கள்? அவர்களுக்குச் சங்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தோடு சொல்லி அனுப்பலாம் என்றால், 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் தடையே போட்டன. பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்!

1998-ல் சென்னையில் தொடங்கிய "சகோதரன்" அமைப்பு, ஆணை விரும்பும் ஆண்களிடம் அவர்களைப் போன்ற வாலிபர்களையே அனுப்பியது. அப்போது 377-வது பிரிவு சட்டத்தில் இருந்தது. பையில் ஆணுறை இருந்தாலே போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தோடு செய்த வேலை அது. 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்த பிறகே சட்டத்தின் பயம் போனது.

16 வயதுச் சிக்கல்

போலீஸ் நிலையங்களுக்குப் போய்வருகிற நிருபர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கு எல்லோரும் தொடத் தயங்கும் இடம், 18 வயதுக்குக் கீழ்.

ஆராய்ச்சியில் 12 முதல் 18 வயது வரை உள்ளவரைச் சேர்க்க வேண்டுமானால், பெற்றோர் சம்மதமும் வேண்டும், அந்தப் பிள்ளையின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. சொல்லாமல் ரத்தம் எடுத்த 1986-ஐ நினைத்தால் இது நல்ல விதிதான்.

ஆனால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, 18 வயதுக்குக் கீழ் உறவு நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் மீதே வழக்கு. சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம். அது தேவை. முதன்முதலில் கிருமி கண்டவர்களில் கடத்தி வரப்பட்ட 13 வயதுச் சிறுமியும் ஒருத்தி என்று சுனிதி சாலமன் சொல்லி இருக்கிறாரே!

அதே சட்டத்தின் முன்னால், காதலியோடு பழகும் 16, 17 வயதுப் பையன் வாயைத் திறப்பானா? ஆலோசகர் கேட்கத் துணிவாரா? கேட்டால் ஸ்டேஷன், கேட்காவிட்டால் நோய். இந்த வயதுக்காரர்களுக்குத் திட்டம் போடும் அதிகாரிகள் அவர்களில் 4 பேரையாவது மேஜையில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். யார் என்ன செய்தார் என்று கேட்க வேண்டாம். எங்கே வந்தால் பயம் இல்லாமல் வருவீர்கள், எந்த நேரம் வசதி, யாரைப் பார்த்தால் ஓடுவீர்கள் என்று கேட்கலாம். இதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று பலகை இருக்கும். அங்கே சோதனை இலவசம். முதலில் பேசுவார்கள், சம்மதம் கேட்பார்கள், பிறகுதான் ஊசி. முடிவை ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பரில் இருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

கிருமி இருந்தால் மருந்தும் இலவசம். 2004 ஏப்ரலில் அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் வந்த மையங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இந்த ஒரு விஷயம் இன்னமும் பாதிப் பேருக்குத் தெரியாது என்றே தோன்றுகிறது. வாலிபர்கள் டீக்கடையில் பரப்ப வேண்டிய செய்தி இதுதான்.

18 வயது ஆகாதவர் சோதனைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்பது பொது விதி. சந்தேகம் கேட்பதற்கு அது தேவையில்லை. இலவச உதவி எண் 1097. தமிழிலேயே கேட்கலாம்.