ஒரு குழாய் இரத்தம் உரைக்கும் செய்தி

நாகமலை புதுக்கோட்டையிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் வருவோர் பலர், விடியற்காலையில் வெறும் வயிற்றுடன் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பதைக் காண்கிறோம். "காய்ச்சல் இல்லை, புண் இல்லை; எதற்கு இத்தனை குழாய்?" என்று உடன் வந்தோர் வினவுவதுண்டு. விடை தருவது மருத்துவ உயிர்வேதியியல்; உடலினுள் நிகழும் வேதிமாற்றங்களை அளந்து நோயை அறியும் துறை அது.

குழாய்கள் பலவாதற்குக் காரணம் உண்டு. இரத்தத்தை எடுத்த பின்னும் அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் ஃபுளோரைடு, சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அறிய ஊதா மூடிக் குழாய் வேண்டும்.

இத்துறையின் கிளைகள் பலவற்றை ஒருவர் வாழ்விலேயே காணலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லப்பிரகட சுப்பாராவ் (1895–1948). அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரசை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இது நோயறி உயிர்வேதியியல். தசையில் ஆற்றலைச் சேமிக்கும் பாஸ்போகிரியேட்டினை இருவரும் கண்டறிந்தனர். இது வளர்சிதைமாற்ற ஆய்வு. பின்னர் அவரது குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர், இது ஊட்டச்சத்தியல். அவ்வூட்டத்தின் செயலைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அக்குழுவின் ஆய்விலிருந்தே பிறந்தது, இது மருந்தியல். தைராய்டு சுரப்பை அளப்பது இயக்குநீரியல். கல்லீரல் நொதிகளை அளப்பது நொதியியல்.

இவ்வரலாற்றில் இன்றைய நோயாளிக்கும் செய்தி உண்டு. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்ண வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தக் கிழமை என்பதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டார் ஒருவரும் அதை நினைவிற் கொள்ளட்டும். பக்கவிளைவைக் குறைக்க நாங்கள் உடன் தருவது, சுப்பாராவ் குழுவினர் உருவாக்கிய அதே ஃபோலிக் அமிலமே. இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குறித்த காலத்தில் சோதிப்பதும் இம்மருந்தின் பொருட்டே. உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் அச்சோதனையைத் தவிர்க்க வேண்டா.

வெறும் வயிற்றில் வருமாறு கூறினால் தண்ணீர் அருந்தலாம். காப்பியும் தேநீரும் கூடா. மறந்து அருந்தியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, எங்களிடம் கூறுங்கள். குழாயில் உள்ள இரத்தம் பாதிச் செய்தியைத்தான் உரைக்கும். மறுபாதி உங்கள் சொல்லில் இருக்கிறது.