கடோற்கசனின் தம்பி



கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே முதலில் வருவது பாண்டிருப்பு. அதனைக் கடந்தால் எங்கள் மருதமுனை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் உற்சவம் நிகழும். பஞ்ச பாண்டவராகவும் திரௌபதியாகவும் வேடம் தாங்கியோர் வனவாசம் செல்வர்; இறுதியில் தீமிதிப்பு நடைபெறும். என் இளமைக் காலத்தில், தறியோசை ஓய்ந்த மாலை வேளைகளில், எங்கள் தெருப் பையன்கள் சிலர் பெருந்தெருவோரமாக நின்று வனவாச ஊர்வலத்தைப் பார்ப்பதுண்டு. முந்திய வாரம் எங்கள் வாசலுக்குத் தயிர்ச்சட்டி சுமந்து வந்த மனிதர் அன்று வீமனாக நடந்து செல்வார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூவிவிட்டேன். என் மூத்தவாப்பா என் காதைப் பிடித்துத் திருகி, “இண்டைக்கு அவர் அவரில்லடா” என்றார்.

ஒருவர் சில நாட்களுக்கு வேறொருவராதல் என்பதை நான் முதன்முதலாகக் கற்றது அந்தத் தெருவோரத்திலேதான். இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் அமெரிக்காவிலே தோன்றிய ஒரு விளையாட்டைப் பற்றியதாயினும், அதனை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது பாண்டிருப்பே ஆகும்.

அவ்விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை வகுத்து, 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துபவர். கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ, இவ்வாட்டத்துக்கு அவர் அப்படி. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். கூத்திலே பாட்டும் முடிவும் முன்னரே எழுதப்பட்டுள்ளன. இங்கோ முடிவு எவருக்கும் தெரியாது. பாத்திரம் செய்ய எண்ணுவதை ஆட்டக்காரன் சொல்கிறான். அது கைகூடுமா என்பதை இருபது முகங்கொண்ட பகடை தீர்மானிக்கிறது.

என் தங்கையின் மகன், உயர்தர வகுப்பு மாணவன், கொழும்பிலுள்ள நண்பர்களுடன் கைத்தொலைபேசி வழியாக இதனை ஆடுகிறான். இரவு பத்து மணிக்குப் பின் அறைக்குள்ளிருந்து கோடரி, பூதம், இரத்தம் என்ற சொற்கள் கேட்டால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? “காக்கா, நீங்கதான் கேளுங்க” என்று என் தங்கை என்னை அழைத்தாள். நான் அதிபருக்குரிய முகத்தோடு போனேன். அவனோ என்னைக் கண்டதும், “நல்ல நேரம் வந்தீங்க மாமா, ஒரு சிக்கல்” என்று ஒரு தாளை நீட்டினான். அரை ஓர்க் இனத்தவன் ஒருவனை, பார்பேரியனாகவும் கிளெரிக்காகவும் ஆக்க அவன் முயன்றுகொண்டிருந்தான்.

ஓர்க் என்பது பழைய ஆங்கிலச் சொல். அதனை எடுத்து ஒரு கொடிய படைக்குப் பெயராக்கியவர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியரான டோல்கீன். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது பெருங்கதையிலே மனிதரும் ஓர்க்கும் கலந்து பிறந்தோரைப் பற்றியும் பேச்சு வருகிறது. அரை ஓர்க் என்பவன், மனிதக் குருதியும் அரக்கக் குருதியும் ஒருங்கே கொண்டவன். பார்பேரியன், வெறிகொண்டு போர்புரியும் வீரன். கிளெரிக், அருளாற்றலால் காயம் ஆற்றும் அடியவன். இம்மூன்றையும் ஓருடலில் ஏற்றுவதெப்படி என்பதே பையனின் சிக்கல்.

“இவனை எனக்குத் தெரியுமே!” என்றேன் நான்.

வீமன் காட்டிலே இடிம்பன் என்னும் அரக்கனைக் கொன்று, அவன் தங்கை இடிம்பியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன் கடோற்கசன். குடம் போன்ற மயிரற்ற தலையன் என்பது அப்பெயரின் பொருள். வனவாச காலத்தில் மலைவழியிலே திரௌபதி நடக்கமாட்டாது சோர்ந்தபோது, நினைத்தவுடன் வந்து அவளைத் தோளிலே சுமந்து சென்றவன் அவனே. பின்னர், போரின் பதினான்காம் நாள் இரவில், அரக்கரின் வலிமை பெருகும் இருளிலே, கௌரவர் சேனையைக் கலக்கினான். அருச்சுனனுக்கென்று கன்னன் காத்துவைத்திருந்த இந்திரனின் சக்தி ஆயுதத்தை அவன் மேல் எறிய நேர்ந்தது. சாகும்போதும் உடலைப் பெருக்கி, பகைவர் சேனையில் ஓர் அக்குரோணியை நசுக்கியபடி வீழ்ந்தான். பாண்டவர் அழுதனர்; கண்ணன் மகிழ்ந்தான். அருச்சுனன் தப்பினான் என்பது மட்டுமன்று அம்மகிழ்ச்சிக்குக் காரணம். இன்று இவன் மடியாதிருந்தால் பின்னொரு நாள் நானே இவனைக் கொல்ல நேர்ந்திருக்கும் என்றும் கண்ணன் கூறுவதாகத் துரோண பருவம் சொல்கிறது. சுமக்கத் தோள் வேண்டும், மடிய உயிர் வேண்டும். வாழ்வதற்கு மட்டும் அவனுக்கு இடமில்லை. பாரதத்தில் என்னை நெடுநாள் உறுத்திய இடம் இது.

இராவணனும் இவ்வகையினனே. தந்தை விச்சிரவசு முனிவர். தாய் கைகசி என்னும் அரக்கி. வேதம் கற்றவன், சிவனைப் பாடியவன், வாளெடுத்தால் மூவுலகும் நடுங்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குச் செப்பனிட்டபோது, ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. வெறியும் பக்தியும் ஓருடம்பில் ஆட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனித் தாளுக்கு வருவோம். மருமகனின் குழுவினர் 2014ஆம் ஆண்டின் விதிநூலைக் கொண்டு ஆடுகின்றனர். பாத்திரத்துக்கு ஆறு குணங்கள்: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி. இவற்றுக்குப் பங்கிட 15, 14, 13, 12, 10, 8 என்னும் ஆறு எண்கள் தரப்படுகின்றன. அரை ஓர்க் பிறப்பினால் வலிமைக்கு 2, உடலுறுதிக்கு 1 கூடுதலாகப் பெறுகிறான். இருதுறை பயில்வோனுக்கு நூல் ஒரு தடை விதிக்கிறது: பார்பேரியனுக்கு வலிமை 13க்குக் குறையலாகாது; கிளெரிக்குக்கு விவேகம் 13க்குக் குறையலாகாது. ஆகவே வலிமைக்கு 15ஐ இட்டு 17 ஆக்கினோம், விவேகத்துக்கு 14, உடலுறுதிக்கு 13ஐ இட்டு 14 ஆக்கினோம். லாவகம் 12, கவர்ச்சி 10. எஞ்சிய 8 அறிவுக்குப் போயிற்று. கல்வித் தொழிலில் இருப்பவனுக்கு அது சற்றே மனவருத்தம் தந்தது, என் செய்வது!

முதற்படியில் பார்பேரியனாவதே இலாபம். அவனுக்கு உயிர்ப்புள்ளி 12. உடலுறுதியால் வரும் 2ஐச் சேர்க்க 14. கிளெரிக்காகத் தொடங்கினால் 8இலிருந்தே எண்ண வேண்டும். இரண்டாம் படியில் கிளெரிக் ஆகும்போது 7 சேர்ந்து 21 ஆகிறது.

ஆனால் உண்மையான முடிச்சு எண்களில் இல்லை. அது வெறியில் இருக்கிறது. பார்பேரியன் வெறிகொண்டால் வாளும் அம்பும் தடியும் செய்யும் ஊறு பாதியாகக் குறைகிறது. அவன் அடியோ வலுக்கிறது. ஒரு நிமிடம் வரை அது நீடிக்கும். தொடக்கப் படியிலே, நீண்ட ஓய்வொன்று கொள்வதற்குள் இரண்டு முறை மட்டுமே அவ்வெறியை அழைக்கலாம். அந்த நிமிடத்தில் அவன் மந்திரம் எதனையும் சொல்ல முடியாது. முன்னர் சொல்லி மனத்தை ஒருமுகப்படுத்திக் காத்துவரும் மந்திரமும் கலைந்துவிடும். கனத்த கவசம் அணிந்தால் வெறியின் பயனும் கிட்டாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம்மவர் சொல்வதை அமெரிக்கர் விதியாகவே எழுதிவிட்டனர்.

இதனால், தோழரை ஆசீர்வதித்து மனவொருமையால் காக்கும் மந்திரங்கள் இவனுக்கு அதிகம் உதவா. சொன்ன கணத்திலேயே முடிந்துபோகும் ஆற்றும் மந்திரங்களே ஏற்றவை. அவற்றுள்ளும் வாய்ச்சொல்லால் மட்டும் தொலைவிலிருந்து காயம் ஆற்றும் மந்திரம் ஒன்று உளது. இரு கைகளிலும் கோடரி இருக்கும்போதே அதனைச் சொல்லலாம். ஆயினும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவன் தன் முறையில் ஒரு பெருஞ்செயலும் ஒரு சிறுசெயலும் செய்யலாம். ஆற்றும் அச்சொல் சிறுசெயல். வெறியை அழைப்பதும் சிறுசெயல். ஒரே முறையில் இரண்டும் இயலா. கோபமா, மருந்தா என்று ஒவ்வொரு முறையும் அவன் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

அடிப்பவன் ஆற்றுவதும் எமக்குப் புதியதன்று. கன்னியாகுமரிப் பகுதியின் அடிமுறை ஆசான்மார் வர்மம் அறிந்தோர். எந்த இடத்தில் தட்டினால் மனிதன் வீழ்வான் என்று அறிந்த அதே கை, வீழ்ந்தவனை எந்த இடத்தில் தட்டி எழுப்புவது என்றும் அறியும். எங்கள் ஊர்களின் சிலம்ப ஆட்டத்திலும், கம்பெடுத்தவுடன் எவரும் அடிக்கப் பாய்வதில்லை. சலாவரிசை செய்து பணிந்த பிறகே கம்பு சுழலும்.

அப்பொழுது என் தங்கை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அது சரி காக்கா, இல்லாத ஒரு சாமிக்கு இவன் எப்படிப் பூசாரியாவது?” என்றாள். நியாயமான கேள்வி. இவ்விளையாட்டின் கிளெரிக் பொதுவாகக் கற்பனைத் தெய்வங்களுள் ஒன்றைச் சார்ந்தவன். நான் ஆலிம் அல்லன். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. விதியில் உள்ளதை மட்டும் சொன்னேன்: 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு தெய்வத்தையன்றி ஒரு கொள்கையையே பற்றி நிற்கும் கிளெரிக்குக்கும் இடமளித்தது. மருமகன் சிறிது நேரம் யோசித்து, ‘தாகித்தவர்க்குத் தண்ணீர், காயம்பட்டவர்க்குக் கட்டு’ என்று தாளில் எழுதினான். தங்கை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவளது மௌனத்துக்கு நான் பொருள் கூறப்போவதில்லை.

அரை ஓர்க்குக்கும் இவ்விளையாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. 1978ஆம் ஆண்டின் விதிநூல் அவனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அருள்துறையில் அவன் நான்காம் படிக்கு மேல் ஏறலாகாது என்று தடுத்தது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பின் ஆட்டக்காரர் நூலில் அவனுக்கு இடமில்லை, 2000இல் திரும்பினான். 2024ஆம் ஆண்டின் நூலில் முழு ஓர்க் இருக்கிறான். அரை ஓர்க் இல்லை. பிறப்பைப் பாதி பாதியாக அளப்பதே தவறு என்போர் பலர்; அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும் எனக்கு மனம் முழுதும் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். அவன் தாயும் தந்தையும் வெவ்வேறு சமூகத்தவர். வகுப்பிலே அவனுக்கு ‘அரைவாசி’ என்று பட்டப்பெயர் வைத்தனர். நான் பிரம்பை எடுத்தேன். பெயர் அடங்கியது, ஆனால் அதன் பிறகு அவனோடு பேசுவாரும் இல்லாமற் போயினர். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. ‘அந்தச் சொல்லைச் சொல்லாதே’ என்று மட்டும் கட்டளையிட்டேனேயன்றி, அவனுக்கு அந்த வகுப்பில் ஓர் இடம் நான் செய்து கொடுக்கவில்லை. நூலிலிருந்து அரை ஓர்க்கின் பெயரை அடித்துவிட்டார்கள் என்று மருமகன் சொன்னபோது அப்பையனின் வெறும் வாங்கே என் கண்முன் வந்தது.

இதனை மருமகனுக்குச் சொன்னேன். அவன் தாளில் பெயருக்குரிய இடம் அதுவரை வெறுமையாகவே இருந்தது. “கடோற்கசனுக்குத் தம்பி இருந்தானா மாமா?” என்று கேட்டான். அவ்வயிற்றில் வேறு பிள்ளை இல்லை என்றேன். “அப்ப இவன்தான்” என்று சொல்லி, ‘தம்பி’ என்றே பெயர் எழுதினான்.

அடுத்த வெள்ளி இரவு ஆட்டத்துக்கு நானும் அருகிலிருந்தேன். தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். குகையொன்றில் பகைவர் சூழ்ந்துகொண்டனர். இருளில் அறுபது அடி காணும் கண் அரை ஓர்க்குக்கு உண்டு. தம்பியே முன்னால் நடந்தான். முதல் மோதலிலேயே குழுவின் வில்லாளி குற்றுயிராக வீழ்ந்தாள். தம்பிக்கும் உயிர்ப்புள்ளி 6தான் எஞ்சியிருந்தது. வெறிகொண்டால் அவனுக்கு வரும் ஊறு பாதியாகும், அவள் இறக்கக்கூடும். கொழும்பிலிருந்த குரல்கள் யாவும் அடங்கின. மருமகன் ஆற்றும் சொல்லைச் சொன்னான். அவள் கண் விழித்தாள். கோடரியையும் வீசினான், பகடையில் 9 விழுந்தது, வலிமையும் பயிற்சியும் தரும் 5ஐச் சேர்க்க 14, பகைவனின் காப்பு எண் 13. அடி பட்டது. ஆனால் மற்றொருவன் திருப்பி அடித்த அடி 11. ஆறிலிருந்து பதினொன்று போனால் மிச்சம் என்ன என்பது யாவர்க்கும் தெரியும்.

“செத்திட்டானா?” என்றாள் தங்கை.

“இல்ல உம்மா. அரை ஓர்க்குக்கு ஒருதரம் விழாம நிக்கேலும். இன்னும் ஒண்டு இரிக்கி” என்றான் மருமகன். அவள் கதிரையை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.