பிள்ளைகளின் தாடை மூட்டு வலி: சந்தேகங்களும் விளக்கங்களும்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் அசைவதுதான் தாடை மூட்டு. அங்கே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் சந்தேகிப்பது காதை. அடுத்தது கடைவாய்ப் பல்லை. பொன்னுக்கு வீங்கியோ என்றும் பார்ப்போம். அவையெல்லாம் பார்க்க வேண்டியவைதாம். எதுவும் இல்லை என்றான பிறகும் வலி தொடர்ந்தால், மூட்டைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பாக்கார் ஆராங் வட்டாரப் பெற்றோருக்காக இந்த விளக்கம்.

மகள் கொட்டாவி விட்டால் தாடையில் ‘டக்’கென்று சத்தம். வலி இல்லை. இது நோயா?

பெரும்பாலும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு விலகி மீண்டும் இடத்தில் அமரும்போது வரும் சத்தம் அது. பதின்ம வயதில் சகஜம். வலியோ, வாய் பிடித்துக்கொள்வதோ இல்லாவிட்டால் சிகிச்சை வேண்டாம். ஆனால், இருந்த சத்தம் திடீரென நின்று, வாயும் பழையபடி திறக்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். தட்டு விலகிய இடத்திலேயே சிக்கியிருக்கலாம்.

ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். பதின்ம வயதினருக்கு வலி பெரும்பாலும் மெல்லும் தசைகளில். அது படத்தில் விழாது. கண்டறியும் வழி, கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும்தான். சுவீடனில் இளையோருக்கு இரண்டே கேள்விகள் வைத்திருக்கிறார்கள். நெற்றிப்பொட்டிலோ முகத்திலோ தாடையிலோ வாரம் ஒருமுறையாவது வலிக்கிறதா? வாய் திறக்கும்போதோ மெல்லும்போதோ அப்படி வலிக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முழுப் பரிசோதனை தேவை.

அதில் மருத்துவர் கன்னத்துத் தசையை ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தில் அமுக்குவார். சமையலறைத் தராசை ஒரு விரலால் அந்த அளவுக்கு அழுத்திப் பாருங்கள், எவ்வளவு என்று புரியும். மூட்டின் மேலேயே என்றால் அரைக் கிலோ. அமுக்கினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். ஆகவே, “வலிக்கிறதா?” என்பதோடு நிறுத்தாமல், “உனக்கு வழக்கமாக வருகிற அதே வலியா?” என்று கேட்கிறாரா பாருங்கள். நோயை உறுதிசெய்வது அந்தக் கேள்வி. பிறகு அளவுகோல் வைத்து வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளப்பார்.

பெரியவர்களுக்கு இந்த நோயைக் கண்டறியும் அனைத்துலக வரையறைகள் 2014-இல் வெளிவந்தன. அவற்றை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது என்பதால், 2021 தொடங்கி 6 முதல் 9 வயது, 10 முதல் 19 வயது என இரு பிரிவினருக்கும் தனியாக வகுத்து வெளியிட்டார்கள்.

வலியே இல்லை என்கிறான். ஆனால் மோவாய் ஒரு பக்கம் கோணுகிறதே?

எனக்கு அதிகக் கவலை தருவது இந்த நிலைதான். சிறுவர் மூட்டுவாதம் சத்தமில்லாமல் தாடை மூட்டை அரித்து, அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். வாய் திறப்பது குறையும், முகம் ஒருபுறம் சிறுக்கும், பிள்ளையோ ஒன்றும் சொல்லாது. மோவாய் அடிபட விழுந்த பிள்ளைக்கும் இது பொருந்தும்; தோலுக்குத் தையல் போடுகிற அவசரத்தில் மேலே மூட்டெலும்பு முறிந்திருப்பது தவறிப்போகலாம். இங்கே படம் அவசியம். முறிவுக்கு எக்ஸ்ரே அல்லது சிடி. வாதத்துக்கு மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ.

பரீட்சை சமயத்தில் மட்டும் வலி வருகிறது. பாசாங்கா?

இல்லை. எஸ்பிஎம் நெருக்கடியில் பல்லை இறுகக் கடித்தபடியே படிக்கும் பிள்ளைக்குத் தசை நிஜமாகவே வலிக்கும். உறக்கம், தலைவலி, மனக்கலக்கம் பற்றி விசாரிப்பதும் பரிசோதனையின் பகுதிதான். பெரிய பிள்ளையிடம் மருத்துவர் தனியாகப் பேச விரும்பினால் விட்டுக்கொடுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பதை மட்டும் வைத்து மூட்டு நோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எங்கே காட்டுவது?

பினாங்கில் 1949-இல் பள்ளிப் பல் தாதியர் பயிற்சி தொடங்கியதிலிருந்து, பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க அரசாங்கத்தில் ஆள் உண்டு. பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவிடமோ அரசாங்கப் பல் கிளினிக்கிலோ சொல்லுங்கள். தேவையானால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனை போன்ற இடங்களில் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. எந்த நேரத்தில், எதைச் சாப்பிடும்போது வலித்தது என்று ஒரு வாரம் குறித்து எடுத்துப் போங்கள். சுளுக்கு என்று நினைத்துத் தாடையை இழுத்துவிடச் சொல்லாதீர்கள். விழுந்த பின் வாய் திறக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.