அங்கவடி போன பிறகு

1907 மார்ச் மாதம். லிவர்பூல் நகரை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் பந்தயம் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. எரெமன் என்ற ஏழு வயதுக் குதிரையின் மேல் இருந்த ஜாக்கி ஆல்ஃப் நியூயியின் அங்கவடி வார் அறுந்து போனது. முன்னால் இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட வேலிகள் இருந்தன. பாதம் ஊன்ற இடமில்லாமலே அவர் அத்தனையையும் தாண்டினார், பந்தயத்தையும் வென்றார்.

இந்த வெற்றியின் கனம் புரிய, தடை தாண்டும் ஓட்டம் சமதளப் பந்தயத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று தெரிய வேண்டும். 1752இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் தேவாலயத்திலிருந்து டோனரேல் தேவாலயம் வரை, இடையில் இருந்த வேலி, சுவர், பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டார்கள். தூரத்தில் தெரிந்த கோபுரமே அவர்களுக்கு வழிகாட்டி. அந்த விளையாட்டு வளர்ந்து கிராண்ட் நேஷனலில் 30 தாண்டல்களாகவும், அன்றைய கணக்கில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரமாகவும் வந்து நின்றது. வேலிகள் பலவும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். பெச்சர்ஸ் புரூக் என்ற வேலியில் தாண்டும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் தாழ்வாக இருக்கும். 1839இல் அங்கே விழுந்து ஓடை நீரில் கிடந்த கேப்டன் பெச்சரின் பெயர்தான் அதற்கு நிலைத்துவிட்டது.

குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. நேர் எதிரே, மூக்குக்கு அருகில் இருப்பது அதற்குத் தெரியாது. வேலியைத் தூரத்திலேயே கண்டு மனதில் வாங்கிக்கொண்டு, கடைசி நொடியில் ஏறக்குறைய நினைவிலிருந்தே தாண்டுகிறது. எந்த இடத்தில் காலை எடுப்பது என்பதில் சவாரி செய்பவர் உதவலாம், குழப்பவும் செய்யலாம். இறங்கும்போது குதிரையின் முழு எடையும் முன்னங்கால்களுக்குப் போகிறது. மேலே இருப்பவரின் உடல் முன்னே பாய்கிறது. அன்றைய ஜாக்கிகள் அந்த நேரத்தில் பின்னால் சாய்ந்து, கடிவாள வாரை விரல்களுக்கிடையே நழுவவிட்டார்கள். குதிரை கழுத்தை நீட்டிச் சமாளிக்க அது இடம் தரும். இதையெல்லாம் செய்ய, பாதம் ஊன்ற ஓர் இடம் வேண்டும். அதுதான் அங்கவடி.

ஓர் அங்கவடி போனால் மற்றதில் ஊன்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எடை ஒரே பக்கம் சேர்ந்து சேணம் சரியும். மிச்சமிருப்பது தொடையும் முழங்காலும்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் அந்தத் தசைகள் ஓர் ஆளின் முழு எடையையும் பிடித்து நிறுத்த வேண்டும். நியூயிக்கு அதோடு இன்னொரு தொல்லையும் வந்தது. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு; சவாரிக்காரர் விழுந்த பிறகும் கூட்டத்தோடு சேர்ந்தே ஓடும். ராத்வேல் என்ற குதிரை அப்படி ஆளில்லாமல் எரெமனை ஒட்டியே வந்து இடைஞ்சல் செய்தது. சாட்டையை வீசி அதைத் தள்ளிவைத்துக்கொண்டே அவர் போனார். கால் பிடிமானம் இல்லாத நிலையில், ஒரு கையையும் இந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறார். நான் படித்த பந்தயக் கதைகளில் இதற்கு ஈடு சொல்லக்கூடியவை மிகக் குறைவு. டாம் வெஸ்ட் என்ற குதிரை இரண்டாவதாக வந்தது.

எரெமனைப் பயிற்றுவித்த டாம் கூல்த்வெய்ட் குதிரையேறாதவர் என்று பெயர் பெற்றவர். ஓட்டப்பந்தய வீரர்களைப் பழக்கிய அனுபவத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தார். 1910இலும் 1931இலும் அவருடைய குதிரைகள் இதே பந்தயத்தை மீண்டும் வென்றன. எரெமனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. சில நாட்களில் இன்னொரு பெரிய பந்தயத்தை வென்ற அது, பயிற்சித் திடலில் நேர்ந்த விபத்தில் விரைவிலேயே இறந்தது.

நியூயி பிறகு கிராண்ட் நேஷனலை வெல்லவில்லை. அவருக்குப் பின் வந்த ஜாக் ஆன்டனி 1911, 1915, 1920 என்று மூன்று முறை வென்று பெயரை நிலைநிறுத்திக்கொண்டார். வென்றவர்களின் பட்டியலில் நியூயிக்கு இருப்பது ஒரே ஒரு வரி. பெரும்பாலான ஜாக்கிகளுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

விழுவது இந்தத் தொழிலின் அன்றாடம். ஆனாலும் தலைக்கவசம் கட்டாயமில்லாமல்தான் அந்தக் கால ஜாக்கிகள் ஓட்டினார்கள். 1923இல் சார்ஜன்ட் மர்ஃபி என்ற குதிரையில் கிராண்ட் நேஷனலை வென்ற கேப்டன் பென்னட், அதே ஆண்டு டிசம்பரில் வுல்வர்ஹாம்ப்டனில் விழுந்து, தலையில் குதிரையின் உதை பட்டு, அடுத்த மாதம் இறந்தார். அதன் பிறகே கவசம் கட்டாயமாயிற்று. காயமடைந்த ஜாக்கிகளுக்கென்று ஒரு நிதி உருவாக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் இரண்டு ஜாக்கிகள் விழுந்து முடமான பிறகு.

இந்தப் பந்தயம் இன்றும் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கிறது. 2024 முதல் அதிகபட்சம் 34 குதிரைகளே ஓடுகின்றன. பார்க்க வாய்த்தால், முன்னால் ஓடும் குதிரையை மட்டும் பார்க்காமல், வேலியைத் தாண்டி இறங்கும் நொடியில் ஜாக்கிகளின் முழங்கால்களையும் பாருங்கள்.