வழியும் விழியும்

செங்கோட்டையிலிருந்து புளியரையைக் கடந்து ஆரியங்காவு நோக்கிச் செல்லும் மலைப்பாதை, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைப்பது. அதன் வளைவுகளுக்கு அப்பால் எதிரே வருவது யாதென முன்னரே அறிதல் அரிது.

இவ்வழியில் வண்டி ஓட்டும் ஒருவருடைய கைப்பேசி ஒலிக்கின்றது எனக் கொள்வோம். அழைப்பவர் யாரென அறிய அவர் மூன்று விநாடி குனிந்து நோக்குகின்றார். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் ஓடும். ஆகவே, 30 மீட்டர் தொலைவு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவரே ஆவார்.

காதில் கருவி பொருத்திப் பேசினால் தீங்கில்லை எனச் சிலர் கருதுவர். அது பிழை. கருத்துப் பேச்சில் சென்றால், கண் திறந்திருந்தும் காணாது.

கைப்பேசியைக் கையில் ஏந்தி வண்டி ஓட்டுவதை, 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்கின்றது. பேசியே ஆகவேண்டுமெனின், வளைவில்லாத இடத்தில் சாலையோரமாக வண்டியை நிறுத்திய பின்னரே பேசுதல் வேண்டும்.

மாணவர்களே! அழைப்பவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. வண்டி ஓட்டிச் சென்றிருக்கும் தந்தையை வீட்டிலிருந்து அழையாதீர்கள். அறியாது அழைத்துவிட்டால், “பிறகு பேசுகிறேன், அப்பா” என்று கூறி உடனே நிறுத்திவிடுங்கள். அவர் நலமாக வீடு திரும்பிய பின் பேசுவதற்குக் காலம் நிரம்ப உண்டு.