புது பிளக் மாட்டியும் பைக் ஏன் திக்கித் திணறுகிறது?

புது ஸ்பார்க் பிளக்கோடு பரமக்குடியிலிருந்து பாம்பனுக்குக் கிளம்புகிறீர்கள். ஊரின் ஐந்துமுனைச் சந்திப்பைத் தாண்டுவதற்குள் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. பிளக் புதுசுதானே, ஏன்?

அடுப்பு லைட்டரைப் பாருங்கள். சின்ன இடைவெளியைப் பொறி தாண்டினால்தான் காஸ் பற்றும். பிளக் முனையிலும் அதே கதை. பெரும்பாலான பைக்குகளில் அந்த இடைவெளி 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர்தான். கூடினால் பொறி தடுமாறும். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுமே, அப்போது தாண்டுவது இன்னும் கடினம். நின்ற இடத்தில் சமர்த்தாக ஓடிய வண்டி ரோட்டில் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆனால் முதல் சந்தேகம் பிளக்கின் தலையில் செருகும் கேப் மீதுதான் வர வேண்டும். அழுத்தி மாட்டியிருக்கிறதா? உள்ளே பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்றின் வேலை, சுரண்டித் துடையுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? இன்ஜின் ஆறியதும் பழைய பிளக்கையே மாட்டிப் பாருங்கள். திணறல் நின்றால், கோளாறு புதுசில்தான்.